மாமல்லபுரம் அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி

செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையில், பல்லவர் குடைந்த பாறைகளின் அண்மையில் அமைந்து, ஸ்தபதி எனப்படும் கோயிற்சிற்பிகளின் குடும்பங்களில் தந்தையிடமிருந்து மைந்தனுக்குக் கைவழியாகவும் வாய்மொழியாகவும் இறங்கிவந்த, சிற்ப கட்டட இலக்கணமாகிய சில்ப சாஸ்திரத்தைப் பாடமாக வகுத்து, அதற்குப் பல்கலைக்கழகப் பட்டத்தையும் பெற்றுத் தந்த அரசினர் கல்லூரி இது. 1957-இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கியது. கற்சிற்பம், மரச்சிற்பம், உலோகச் சிற்பம், சுதைச் சிற்பம், மரபு ஓவியம், கோயிற் கட்டடக்கலை ஆகியன இங்குக் கற்பிக்கப்படுகின்றன.

பழைய மரபு. இவ்வூர்க் கோயில்களைச் செய்வித்த மன்னன் யார் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்திலர். முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லன் தொடங்கிப் பல்லவ மன்னர் சிலர் செய்வித்தனர் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. அனைத்தும் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராஜசிம்மன் பணியே எனத் தொல்லியலறிஞர் இரா. நாகசாமி 1962-இல் வாதித்தார். பெரும்பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற வழக்கும் அவ்வாறே முடிவுறாமல் நிற்கிறது. ஆயின் செய்வித்தவரைப் பற்றி இவ்வளவு ஐயம் நிலவும் ஊரில், செய்தவர் சிலரின் பெயர் மட்டும் எஞ்சியிருப்பது விசேஷமாகக் குறிக்கத்தக்கது. அருகிலுள்ள பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தொட்டி என ஊரார் வழங்கும் பாறையில், கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், கொல்லன் சேமகன் முதலிய பெயர்கள் பல்லவர் கால எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. இவர்கள் இங்குப் பணிபுரிந்த சிற்பிகளே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சிற்பியரின் பெயரோடு அவர்களுக்கு உளி தீட்டித் தந்த கொல்லன் பெயரும் அப்பாறையில் இடம்பெற்றது, அப்பணிக்களத்தின் பண்பைக் காட்டுகிறது போலும்.

சோழர் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைப் பெயர் சுட்டிக் குறிக்கிறது. விஜயநகர, நாயக்கர் காலங்களிலும் திருப்பணிகள் தொடர்ந்தன.

நூலும் கையும். இக்கலையின் ஆதார நூல்களான மயமதம், மானசாரம் முதலியன வடமொழியில் உள்ளன. மயமதம் சோழர் காலத்தில் தமிழகத்தில் உருப்பெற்றது என்பர் ஆராய்ச்சியாளர் பலர். ஸ்தபதிகளோ அதனினும் மிகுந்த தொன்மை கூறுவர். தஞ்சைப் பகுதியிற் பிறந்த ராம் ராஸ் இந்நூல்களை ஆராய்ந்து எழுதிய ஆங்கிலக் கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1834-இல் இலண்டனில் அச்சாயிற்று. அவர் கண்ட இடர்ப்பாடு இக்கல்லூரியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது: வடமொழி கற்ற பண்டிதருக்கு நூலின் கலைச்சொல் விளங்கவில்லை, அச்சொல்லை நாள்தோறும் கையாண்ட சிற்பிக்கு வடமொழி தெரியவில்லை. ஆகவே நூலொருவரிடமும் பொருளொருவரிடமுமாகப் பிரிந்து கிடந்த ஒரு வித்தையை, அவர் கம்மாளச் சிற்பி ஒருவரின் துணைகொண்டே ஒட்டவைக்க நேர்ந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து, 1914-இல் வெளியான தம் பிரெஞ்சு நூலுக்காகப் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் செய்ததும் அதுவே. கோபுரத்தின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் பெயரென்ன என்று உழைக்கும் தச்சரையே கேட்டு அறிந்தார். 1919-இல் திருவனந்தபுரத்திலிருந்து கணபதி சாஸ்திரியின் மயமதப் பதிப்பும், 1920-இல் படிம அளவிலக்கணமாகிய தாளமானம் பற்றிய கோபிநாத ராவின் ஆராய்ச்சியும் வெளிவந்தன.

1850-இல் தோன்றிய சென்னைக் கலைப்பள்ளி இந்த மரபைத் தன் பாடத்தின் மையமாகக் கொள்ளவில்லை. செட்டிநாட்டு நகரத்தார் நடத்திய திருப்பணிகளே ஸ்தபதி குடும்பங்கள் பலவற்றை அக்காலத்தில் தாங்கின.

தோற்றமும் வளர்ச்சியும் (1957–1988). பழங்கோயில்களைப் புதுப்பிக்க வேண்டிய தேவை பெருகி, அதற்குத் தக்க கைகள் அருகிவந்த நிலையில், காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் சென்னை அரசு இந்நிலையத்தை ஏற்படுத்தியது. பிள்ளையார்பட்டி மரபினரான வைத்தியநாத ஸ்தபதி முதலில் இதன் பொறுப்பை ஏற்றார். அவருக்குப் பின், அவருடைய புதல்வரும் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்றவருமான வை. கணபதி ஸ்தபதி (1927–2011), 1961 முதல் 1988 வரை இருபத்தேழு ஆண்டுகள் தலைமை வகித்தார். தந்தையிடம் உளி பிடிக்கவும் கல்லூரியில் கணக்குப் போடவும் ஒருங்கே கற்ற ஒருவர் கையில் இந்நிலையம் வந்தது பெரும்பேறு என்றே சொல்லவேண்டும். ராம் ராஸ் கண்ட பிளவு ஒருவரிடத்தேனும் நீங்கியிருந்தது.

பாடத்தின் அடிப்படை தாளமானம். எட்டு யவம் (வாற்கோதுமை மணி) ஓர் அங்குலம், இருபத்துநான்கு அங்குலம் ஒரு கிஷ்கு முழம் என்பது கட்டடத்துக்குரிய அளவு. படிமத்துக்குரிய அங்குலமோ நிலையானதன்று. படிமத்தின் முழு உயரத்தை, பத்துத் தாள அளவாகிய தசதாளத்துள் உத்தமமாயின் 124, மத்திமமாயின் 120, அதமமாயின் 116 கூறிட்டால் வருவதே அதன் அங்குலம். மாணவன் பலகையில் நெடுங்கோடாகப் பிரம்மசூத்திரத்தை இழுத்து, உத்தம தசதாளத்தில் தொடைக்கு 27, முழந்தாளுக்கு 4, கணைக்காலுக்கு 27, பாதத்துக்கு 4 எனக் குறித்துக்கொண்டு வந்தால் கூட்டுத்தொகை 62, அதாவது சரிபாதி. எஞ்சிய பாதியில் மேலுடல் அடங்கும். விரலளவு படிமமாயினும் ஆளுயரப் படிமமாயினும் இக்கணக்கு மாறாது. கல்லைத் தெரிவதும் ஒரு பாடமே: சுத்தியால் தட்டிச் செவி சாய்த்து, மணிபோல் ஒலிப்பது ஆண்கல், தாளம்போல் ஒலிப்பது பெண்கல், ஒலியற்றது அலிக்கல் எனப் பிரிப்பர். ஆண் தெய்வம் ஆண்கல்லிலும், அம்மனும் பீடமும் பெண்கல்லிலும் அமைவது முறை. அதிஷ்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என்னும் விமானத்தின் ஆறங்கங்களும், ஆயம், வியயம், யோனி முதலானவற்றைக் கணக்கிட்டு அளவின் நன்மை தீமை காணும் ஆயாதிப் பொருத்தமும் குடும்பங்களில் பொருள் விரித்துரையாமலே மனப்பாடமாக வழங்கி வந்தவை. இங்கே அவை கரும்பலகையில் வரையப்பட்டுக் காரணத்தோடு விளக்கம் பெற்றன.

கணபதி ஸ்தபதியின் ‘சிற்பச் செந்நூல்’ 1978-இல் வெளிவந்தது. படிம இலக்கணம் முழுவதையும் தமிழ் உரைநடையில் படங்களோடு தரும் இந்நூல் வடமொழியறியாத மாணவனுக்கு வாயிலைத் திறந்தது. இக்கல்லூரியின் பயன்களுள் இதனையே முதலாவதாகக் கொள்ளத் தோன்றுகிறது. புராணங்கள் கூறும் சிற்பியான மயன் இயற்றியதாக அவர் கருதிய ‘ஐந்திறம்’ 1986-இல் அச்சேறியபோது அதன் தொன்மையை அறிஞர் பலர் ஏற்கத் தயங்கினர். மயன் பண்டைத் தமிழ்ச் சிற்பியே என்ற அவருடைய கொள்கையும் விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது. அவர் வகுத்த பணிகளான பூம்புகார்ச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் (1973), சென்னை வள்ளுவர் கோட்டம் (1976), 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்ட 133 அடி உயரக் குமரித் திருவள்ளுவர் சிலை ஆகியன பற்றி அத்தகைய ஐயம் இல்லை.

பட்டமும் பிற்காலமும். சென்னைப் பல்கலைக்கழக இணைவோடு பட்டப் படிப்புகள் அமைந்தன. கட்டடக்கலைக்குத் தொழில்நுட்ப இளையர் பட்டமும், சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் நுண்கலை இளையர் பட்டமும் வழங்கப்படுகின்றன. இம்மாறுதலைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சிறுவயதிலேயே கல்லோடு பழகிய குருகுலக் கையின் திண்மை நான்காண்டுப் படிப்பில் வாராது என்பர் சிலர். மரபு ஒரு சில வீடுகளோடு அற்றுப்போகாமல் நிலைத்தது இப்பட்டத்தாலேயே என்பர் பிறர். இரண்டிலும் உண்மையுண்டு எனினும், ஒரு வித்தை எவர்க்கும் கற்கக் கிடைப்பது சிறிய லாபமன்று.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின்கீழ்க் கல்லூரி இப்போது இயங்குகிறது. மாமல்லபுரக் கற்சிற்பம் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊர்ப் பட்டறைகளில் இயந்திர அறுப்பு பெருகியுள்ளது. மேனிலைப் பள்ளிக் கல்வி முடித்த எவரும், குல வரையறையின்றி, இக்கல்லூரியில் சேர விண்ணப்பிக்கலாம்.