வைரம் வாங்குவோர் கவனத்திற்கு: நிறத்துக்கு முன் பட்டையைப் பாருங்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் திருமணப் பேச்சொன்று ஒப்பேறியதும் இரு வீட்டாரும் அடுத்துச் செல்லும் இடம் நகைக்கடையாகும். மட்டக்களப்பு நகரானாலும் காத்தான்குடியானாலும் ஏறாவூரானாலும், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வாங்கப்படுவது பெரும்பாலும் இருபத்திரண்டு கரட் தங்கமே. பவுண் கணக்கில் எம்மவருக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் தோட்டிலோ மோதிரத்திலோ வைரம் சேரும்போது தராசும் அன்றைய விலைப் பலகையும் துணைக்கு வருவதில்லை. "நல்ல வெள்ளைக் கல்" என்ற ஒரு சொல்லை நம்பியே பெருந்தொகை கைமாறி விடுகின்றது. அச்சொல் வைரத்தின் தரத்தில் ஒரு பாதியைக்கூடச் சொல்வதில்லை என்பதே எமது கருத்தாகும்.

நிறத்தை முதலிற் பார்க்கும் பழக்கம் எமக்கு வந்ததில் வியப்பில்லை. இந்நாடு நீலக்கல்லின் நாடு. இரத்தினபுரியில் அகழப்படும் கல்லும், பேருவளை முஸ்லிம் வணிகர்களின் கைகளில் மதிப்பிடப்படும் கல்லும் முதன்மையாக நிறத்தாலேயே விலை பெறுகின்றன. நீலக்கல் தீட்டுபவர், கல்லில் நிறம் ஓரிடத்தில் மட்டும் தேங்கியிருந்தால் அந்த இடம் அடிமுனையில் அமையுமாறு வெட்டுவார். மேலிருந்து பார்க்கையில் கல் முழுவதும் நீலமாகத் தோன்றும். இதற்காக அடிப்பகுதி கனத்துப்போனாலும், உருவம் சற்றுக் கோணலானாலும் பொறுத்துக்கொள்வர். நீலக்கல்லுக்கு இது நியாயமே. அதே கண்ணோடு வைரத்தை அணுகுவதுதான் பிழை.

வைரத்துக்கு, அதிலும் வெண்ணிற வைரத்துக்கு, நிறம் ஒரு செல்வமன்று. நிறமின்மையே அங்கு மதிப்பு. அதன் அழகு முழுவதும் அது திருப்பியனுப்பும் ஒளியிலேயே தங்கியுள்ளது. ஒளியை வளைக்கும் ஆற்றல் வைரத்துக்கு மிக அதிகம்; அதன் ஒளிமுறிவுச் சுட்டி 2.42 ஆகும். மேற்பரப்பினூடாக உட்புகும் ஒளி, அடிப்பகுதிப் பட்டைகளில் சரியான கோணத்தில் பட்டால் முழுமையாகத் தெறித்து மீண்டும் மேலே வரும். அடிப்பகுதி தட்டையாக இருந்தால் ஒளி கீழே கசிந்துவிடும். அளவுக்கு மிஞ்சி ஆழமாக இருந்தால் கல்லின் நடுவே கருமை படியும். 57 அல்லது 58 பட்டைகள் கொண்ட வட்ட வைரத்தின் கோணங்களை 1919இல் மார்செல் டொல்கோவ்ஸ்கி கணிதமுறையில் கணித்தார். மேற்பகுதிக்கு 34.5 பாகையும் அடிப்பகுதிக்கு 40.75 பாகையும் என அவர் கூறிய அளவுகளை ஒட்டியே இன்றும் நல்ல கற்கள் தீட்டப்படுகின்றன.

இந்தப் பார்வை பழையதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெரு வருணிக்கப்படுமிடத்து வைரத்தின் குற்றங்களும் ஒளியும் வகைகளும் பேசப்படுகின்றன. பட்டை தீட்டும் கலை வைரத்துக்கு வந்ததோ பல நூற்றாண்டுகள் கழித்தே. அதன் பின்னரும் இந்திய அரசவைகளில் கல்லின் எடையைப் பேணுவதே பெரிதாகக் கருதப்பட்டது. கோஹினூர் வைரம் 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, பெரும் எதிர்பார்ப்போடு வந்த மக்கள் அதன் மங்கிய தோற்றத்தைக் கண்டு ஏமாற்றமடைந்தனர். மறு ஆண்டே அது மீண்டும் தீட்டப்பட்டது. 186 கரட்டாக இருந்த கல் 105.6 கரட்டாகச் சுருங்கியது. எடை இழப்பைக் கண்டித்தோரும் உண்டு. எனினும் ஒளிக்காக ஒரு பேரரசே அவ்வளவு எடையைத் துறக்கத் துணிந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய கடைகளில் நிகழ்வதோ பெரும்பாலும் இதற்கு எதிர்மாறானது. ஒரு கரட் என்ற முழு எண்ணைத் தொட்டதும் கல்லின் விலை ஏறுகின்றது. ஆகவே எடை குறைந்துவிடாதபடி அடிப்பகுதியைக் கனமாக விட்டுவிடும் ஆசை தீட்டுபவருக்கு உண்டாகின்றது. நன்கு தீட்டிய ஒரு கரட் வட்ட வைரத்தின் விட்டம் ஏறத்தாழ 6.4 முதல் 6.5 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஆழமாக விடப்பட்ட கல் 6 மில்லிமீற்றரே இருக்கலாம். அதைவிட நன்கு தீட்டிய 0.90 கரட் கல் பெரிதாகவும் பிரகாசமாகவும் தோன்றும், விலையும் குறைவு. எம்மவர் தோடுகளில் பதிப்பது சிறு கற்களே என்பதால் அவற்றின் அளவையும் மனதில் வைத்திருப்பது நன்று: 0.10 கரட் கல்லுக்கு 3 மில்லிமீற்றர், 0.20 கரட் கல்லுக்கு 3.8 மில்லிமீற்றர், அரைக் கரட் கல்லுக்கு 5.1 மில்லிமீற்றர் அளவில் விட்டம் அமைதல் வேண்டும்.

நிறத்துக்கு வருவோம். நிறமற்ற டி தொடங்கி மஞ்சள் சாயல் தெளிவாகத் தெரியும் இஸட் வரை ஆங்கில எழுத்துகளால் நிறம் தரப்படுத்தப்படுகின்றது. ஒவ்வொரு படி மேலே செல்லும்போதும் பணம் கூடுகின்றது. ஆனால் அடுத்தடுத்த இரு படிகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டாலன்றிப் பயிற்சியற்ற கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. மேலும் எமது நகைகள் மஞ்சள் தங்கத்தில் செய்யப்படுபவை. டி நிறக் கல்லை இருபத்திரண்டு கரட் தங்கத்தில் பதித்தால் அத்தங்கத்தின் சாயலே கல்லுக்குள் பிரதிபலிக்கும். வெண்மைக்காகக் கொடுத்த பணம் அங்கேயே கரைந்துவிடும். ஐ, ஜே நிறத்தில் சிறப்பாகத் தீட்டிய கல்லொன்று அதே தங்கத்தில் வெள்ளையாகவே தோன்றும். மிகுதியாகத் திரும்பிவரும் ஒளி மெல்லிய சாயலையும் மறைத்துவிடுகின்றது.

இதனால் நிறத்தைப் பாராமலே விடலாம் என்பதன்று. வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ பதிக்கும் கல், ஒரு கரட்டுக்கு மேற்பட்ட பெரிய கல், நீள்சதுரமாகப் படிப்படியாக வெட்டிய கல் ஆகியவற்றில் மஞ்சள் சாயல் விரைவில் தென்படும். ஏழுகல் தோட்டில் எல்லாக் கற்களும் ஒரே நிறமாக இருத்தல் அவசியம். அங்கும் வேண்டியது உயர்ந்த நிறமன்று, ஒத்த நிறமே.

ஜி.ஐ.ஏ. எனப்படும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2006 முதல் வட்ட வைரங்களுக்கு வெட்டின் தரத்தையும் ஐந்து படிகளாகத் தனது அறிக்கையில் குறித்து வருகின்றது. பெரிய கல் வாங்குவோர் அந்த வரியை முதலில் வாசிக்கட்டும். சிறு கற்களுக்குத் தனித்தனி அறிக்கை கிடைப்பது அரிது; அங்கு கண்ணே சாட்சி. கடையின் கூரையிலுள்ள கூரிய மின்விளக்குகளின் கீழ் கண்ணாடித் துண்டும் மின்னும். கல்லை வாசலுக்குக் கொண்டுவந்து, நேர்வெயில் படாத நிழல் வெளிச்சத்தில் மெல்ல அசைத்துப் பார்த்தல் வேண்டும். நடுவில் கருமையோ, ஊடாக விரலே தெரியுமளவு வெறுமையோ இருந்தால் அக்கல் எவ்வளவு வெண்மையாயினும் வேண்டாம். நிறத்தைப் பார்ப்பதற்கு மட்டும் கல்லைத் தலைகீழாக வெள்ளைத் தாளில் வைத்துப் பக்கவாட்டில் நோக்கலாம். பதித்த பின் இச்சோதனை இயலாது.

ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் வைரங்களின் வருகை இவ்விடயத்தை மேலும் தெளிவாக்கியுள்ளது. அவற்றில் உயர்ந்த நிறம் எளிதில் கிடைக்கின்றது. விலையோ இயற்கை வைரத்தைவிட மிகக் குறைவு. இரண்டும் ஒரே பொருளாதலால், வெப்பத்தைக் கொண்டு சோதிக்கும் கைக்கருவி இரண்டையும் வைரம் என்றே காட்டும். எனவே "மிக வெள்ளை" என்பதைப் பெறுமதியின் சான்றாகக் கொள்வது முன்னைவிட ஆபத்தானது. ஐயம் இருப்பின் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் கொழும்புப் பரிசோதனைக் கூடத்தை நாடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றுக்குக் காதிலும் கழுத்திலும் இருந்ததே மிஞ்சிய சொத்து. 2022 பொருளாதார நெருக்கடியிலும் பலர் அடகை நாடினர். அடகு பிடிக்குமிடத்தில் மதிப்பிடப்படுவது தங்கமே. கல்லின் எடை கழிக்கப்படும். சேமிப்பாக எண்ணுவோர் பவுணை வாங்கட்டும். வைரத்தை அணியும் அழகுக்காக வாங்கட்டும். அழகுக்காக என்றால், பணம் செல்ல வேண்டிய இடம் பட்டையே.

விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடம் மறையாது சொல்லிவிட வேண்டும் என்பது இஸ்லாம் வலியுறுத்தும் வணிக ஒழுங்கு. எந்தச் சமூகத்தவரின் கடையாயினும், கல் இயற்கையானதா வளர்க்கப்பட்டதா, எத்தனை கரட், விட்டம் எவ்வளவு, நிறமும் வெட்டும் எத்தரம், திரும்ப எடுத்தால் எவ்விகிதத்தில் என்பவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே கேளுங்கள். எழுதத் தயங்கும் கடையில் அன்று கல் வாங்காமல் திரும்பலாம். பொன்னை வேறு கடையிலும் வாங்கலாம்.