சுருட்டுச்சாலையில் ஒலித்த நூல்கள்

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும், கண்ணால் கற்பதே கல்வி, காதால் பெறுவது வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் இன்றும் உளர். கைத்தொலைபேசி வழியாக நூல்களைப் பிறர் வாசிக்கக் கேட்டு மகிழ்வோரைச் சோம்பேறிகள் என நகைப்பாரும் உண்டு. அத்தகையோர் கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிலாளரின் வரலாற்றை அறிதல் நலமென நாம் கருதுகிறோம்.

1865-ம் ஆண்டு டிசம்பரில், ஹவானா நகரத்து எல் ஃபிகாரோ என்னும் சுருட்டுச்சாலையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. வரிசையாக அமர்ந்து சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தோர்க்கு ஒருவர் உரத்த குரலில் நூல் வாசிக்கத் தொடங்கினார். சுருட்டுச் சுற்றுதல் கைக்கும் கண்ணுக்கும் வேலை. காது மட்டும் ஓய்ந்திருக்கும். இதனை உணர்ந்து அவ்வேற்பாட்டை ஊக்கியவர்களுள் ஒருவர் சாத்துர்னினோ மார்த்தினேஸ் என்பார். அவர் தாமும் சுருட்டுத் தொழிலாளியாயிருந்து, லா அவுரோரா என்னும் பத்திரிகையை நடத்தியவர். வாசிப்பவருக்கு ஊதியம் தந்தது முதலாளி அன்று. கேட்போரே தத்தம் கூலியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கித் தந்தனர். அவர்களுட் பலர் எழுத்தறியாதவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நாளடைவில் வாசித்தல் தனியொரு தொழிலாயிற்று. கூடத்தில் உயர்ந்த மேடை அமைத்தனர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி வரிசைக்கும் குரல் எட்டவேண்டும். பத்திரிகைச் செய்திகளுக்கு ஒரு வேளை, நாவலுக்கு ஒரு வேளை என முறை வகுத்திருந்தனர். எந்த நாவல் வேண்டுமென்பதைத் தொழிலாளரே வாக்களித்துத் தீர்மானித்தனர். விக்டர் ஹியூகோவும் அலெக்சாந்தர் டூமாவும் அவர்கள் விரும்பிக் கேட்ட ஆசிரியர்கள். தேர்ந்த வாசிப்பாளர் எழுத்தை ஒப்பிப்பவரல்லர். கிழவன் பேசுங்கால் கிழவனாகவும், பேதைப்பெண் பேசுங்கால் அவளாகவும் குரல் மாற்றுவார். நிறுத்துமிடத்தில் நிறுத்திக் கேட்போர் மூச்சையும் நிறுத்துவார். வாசிப்பு மனத்தைத் தொட்டதாயின், தொழிலாளர் இலை நறுக்கும் கத்தியால் மேசையைத் தட்டி ஆரவாரிப்பர். மான்டே கிறிஸ்டோ என்னும் சுருட்டு டூமாவின் நாவலாலேயே அப்பெயர் பெற்றதென்பர்.

இவ்வின்பத்தைக் கண்டு அஞ்சியவரும் உண்டு. 1866-ம் ஆண்டு மே மாதத்தில், வாசிப்புத் தொடங்கி அரையாண்டு நிறையுமுன்னரே, ஸ்பானிய ஆட்சி அதனைத் தடை செய்தது. பின்னர் கியூபாவினின்று குடிபெயர்ந்த தொழிலாளர், புளோரிடாவிலுள்ள தம்பா முதலிய நகரங்களுக்கு இவ்வழக்கத்தைக் கொண்டு சென்றனர். 1891-ல் ஹொசே மார்த்தி தம்பாவுக்கு வந்து, கியூபாவின் விடுதலைக்காகப் பேசியபோது, அவர் சொற்களை ஏற்கும் செவிகள் அங்கே பழகியிருந்தன. 1931-ல் அந்நகரத்து முதலாளிகள், வாசிப்பாளர்கள் புரட்சிக் கருத்துக்களைப் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டி மேடைகளை அகற்றினர். தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். ஆயினும் மேடைகள் மீளவில்லை. அவ்விடத்தில் வானொலிப் பெட்டி வந்தமர்ந்தது.

வானொலியும் காதுக்கு விருந்துதானே எனலாம். ஆனால் மேடையில் ஒலிக்கவேண்டியதைக் கேட்போர் தெரிந்தெடுத்தனர். பெட்டியில் ஒலிப்பதை வேறெவரோ தெரிந்தெடுத்தார். தோட்டத்துக் கிராணி வேலையிலுள்ள நாம், காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடும் குரலை நன்கறிவோம். வேலைக்கு அழைக்கும் அக்குரலுக்கு எந்த அரசும் தடை விதித்ததில்லை. சுவையற்ற வாசிப்புக்கும் எவரும் அஞ்சார். கேட்பவன் உள்ளங்கலந்து கேட்கும்படி வாசித்தமையாலன்றோ, அந்நூல்கள் ஆள்வோர்க்கு அச்சமாயின?

ஹவானாவில் இவ்வழக்கம் அழியவில்லை. 2012-ல் கியூபா அரசு இதனை நாட்டின் பண்பாட்டுச் செல்வமென அறிவித்தது. வேறிடங்களிலும் கேள்வி வளர்ந்தது. பார்வையற்றோர் பொருட்டு 1934-ல் அமெரிக்காவிலும், 1935-ல் இங்கிலாந்திலும் இசைத்தட்டுக்களில் பேசும் நூல்கள் வெளிவந்தன. இன்று நாம் செவியில் மாட்டிக்கொண்டு கேட்கும் நூல்கள் அவற்றின் வழித்தோன்றல்களே.

ஆகவே, சமைப்பவரும் தைப்பவரும் வண்டியோட்டுபவரும் கைவேலை நடக்கவே ஒரு நல்ல நாவலைக் கேட்பாராயின், அது நகைக்கத்தக்கதன்று. நல்ல குரலைத் தேடுக. நூலைத் தாமே தெரிந்தெடுக்க. தம் கூலியிற் கிள்ளிக் கொடுத்துச் சுருட்டுத் தொழிலாளர் பெற்ற உரிமை அதுவே.