காத்தான் கூத்தும் அதன் வடிவங்களும்: மீண்டும் ஆடுதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

காத்தவராயன் கழுமரம் ஏறுவான் என்பது கூத்துக் களரியைச் சூழ்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாக விடியும்வரை விழித்திருந்து அக்கூத்தினைப் பார்த்து வந்துள்ளனர். முடிவு தெரிந்த கதையொன்றை மக்கள் ஏன் திரும்பத் திரும்ப நாடுகின்றனர்? ஓர் ஊரில் ஆடப்பட்டதற்கும் இன்னோர் ஊரில் ஆடப்பட்டதற்கும் இடையேயுள்ள வேறுபாடுகளை அவர்கள் ஏன் இத்துணை ஆர்வத்தோடு விவாதிக்கின்றனர்? இவ்விரு வினாக்களும் சுவைஞரின் மனப்பாங்கு பற்றியன மட்டுமல்ல, சமூக வரலாறு பற்றியனவுமாகும் என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முனையும் கருத்தாகும்.

கூத்துப் பிரதிகளை ஆராய்வோர் பெரும்பாலும் 'மூலம் எது?' என்ற வினாவோடு தொடங்குவர். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற முறை அது. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பழந்தமிழ் நூல்களுக்கு ஆற்றிய பணியில் அம்முறையின் பயனை நாம் கண்டுள்ளோம். ஆனால் ஆடுந்தோறும் புதிதாக உருக்கொள்ளும் ஒரு கலைக்கு அம்முறை முற்றாகப் பொருந்துவதில்லை. ஏடெழுதுவோன் செய்யும் மாற்றம் பெரும்பாலும் பிழையாகும். கூத்தாடுவோன் செய்யும் மாற்றமோ பெரும்பாலும் ஒரு தீர்மானமாகும். அத்தீர்மானத்தின் பின்னணியை அறிவதே வரலாற்றாசிரியனின் கடன்.

2

காத்தவராயன் கதையின் கரு எளியது. தெய்வ உலகில் தோன்றிச் சாபத்தால் மண்ணில் பிறந்து, தாழ்த்தப்பட்ட மக்களிடையே வளர்ந்த ஒருவன், உயர்குலத்தவளாகிய ஆரியமாலையை விரும்புகிறான். அக்குற்றத்துக்காகக் கழுவேற்றத்துக்கு ஆளாகிறான். தமிழ்நாட்டில் இக்கதை கதைப்பாடலாகவும் தெய்வ வழிபாட்டின் பகுதியாகவும் வழங்கிவந்தது. நா. வானமாமலை பதிப்பித்த காத்தவராயன் கதைப்பாடல் 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. திரைப்படமும் இக்கதையை இருமுறை கையாண்டது. 1941இல் பி. யு. சின்னப்பா நடித்த 'ஆரியமாலா', 1958இல் சிவாஜி கணேசன் நடித்த 'காத்தவராயன்' ஆகியவற்றை இவ்விடத்துக் குறிப்பிடலாம்.

இவ்வடிவங்களை ஒப்பிடுமிடத்து ஓர் உண்மை புலப்படும். காத்தவராயன் உண்மையில் 'கீழோன்' அல்லன், தெய்வப் பிறப்பினனே என்ற கதைக்கூறு அவன் செயலின் கூர்மையை மழுக்குகின்றது. மதுரைவீரன் கதையிலும், அரச குலத்திற் பிறந்து சக்கிலியரிடையே வளர்ந்தவன் என்ற இத்தகைய கூற்றினையே காண்கிறோம். சாதியை மீறியவனைப் போற்றவும் வேண்டும், சாதி ஒழுங்கினைக் குலைக்கவும் கூடாது என்ற இருதலை நிலையிலிருந்து பிறந்த தீர்வு இது. ஆயினும் களரியில் ஆடப்படும்பொழுது, சபையோர் காண்பது சாபத்தால் இறங்கிவந்த தேவனையன்று, விரும்பியவளை அடைய முடியாது தவிக்கும் ஒரு மனிதனையே. எழுதப்பட்ட பிரதி ஒன்றைச் சொல்லவும், ஆடப்படும் பிரதி வேறொன்றை உணர்த்தவும் கூடும் என்பது மனங்கொளத்தக்கது.

3

யாழ்ப்பாணத்தில் காத்தான் கூத்து தனக்கென ஓர் உருவத்தைப் பெற்றது. வடமோடி, தென்மோடிக் கூத்துக்களிலுள்ள நுணுக்கமான ஆட்ட முறைகள் இதில் இல்லை. இதனைச் சிந்துநடைக் கூத்து என்பர். எளிய துள்ளுநடையும் மக்களின் நாவிற் பழகிய மெட்டுகளுமே இதன் அடிப்படை. உடுக்கு இதற்குரிய இசைக்கருவி. பின்னாளில் ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர்ந்துகொண்டன. நீண்டகாலப் பயிற்சியை வேண்டாமையால் இக்கூத்து பல ஊர்களிலும் பரவியது. மாரியம்மன் கோயில் முன்றலில் நேர்த்திக்கடனாக ஆடப்பட்டமையால் கலையென்ற எல்லையையுங் கடந்து நம்பிக்கையின் பகுதியாயிற்று.

இக்கூத்தின் ஓர் இயல்பு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. காத்தான் பாத்திரத்தை ஒருவரே இரவு முழுவதும் தாங்குவதில்லை. பருவத்துக்குப் பருவம் ஆடுவோர் மாறுவர். எனவே ஒரே இரவிற் சபையோர் பல காத்தான்களைக் காண்கின்றனர். ஒருவரின் குரல்வளத்தை மற்றவரோடு ஒப்பிடுகின்றனர். சென்ற ஆண்டு கழுமரம் ஏறியவரை இவ்வாண்டு ஏறுபவரோடு ஒப்பிடுகின்றனர். ஒப்பீடு இங்கு புலமையாளரின் தொழிலன்று, சுவையின் அடிப்படையே அதுவாகும். முடிவு தெரிந்திருப்பது குறையாகாமைக்கும் இதுவே காரணம். 'என்ன நடக்கும்?' என்ற வினாவின் இடத்தை 'இம்முறை எவ்வாறு நடக்கும்?' என்ற வினா பெற்றுக்கொள்கிறது.

அண்ணாவிமாரின் கையெழுத்துக் கொப்பிகளும் இதற்குச் சான்று. ஒரு கொப்பியிலுள்ள பாட்டு இன்னொன்றில் இராது. ஓரிடத்தில் சின்னானின் நகைச்சுவை நீண்டும் வேறோரிடத்திற் குறுகியும் இருக்கும். கொப்பியை வைத்திருப்பவரே கூத்தினை வைத்திருப்பவர் என்ற நிலையும் இருந்தது. யார் ஆடலாம், யார் எவ்விடத்தில் அமர்ந்து பார்க்கலாம், எந்தக் கோயிலின் உள்வீதிக்கு யார் வரலாம் என்ற வினாக்கள் களரிக்கு வெளியே காத்திருந்தன. சாதியை மீறிய நாயகனின் கதையைச் சாதிவாரியாகப் பிரிந்து இருந்து பார்த்த சமூகம் எமது சமூகம். இம்முரண்பாட்டை மறைத்துவிட்டு இக்கூத்தின் வரலாற்றை எழுதுதல் இயலாது.

4

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கற்றோர் கூத்தினைப் பெரிதும் ஒதுக்கியே வைத்திருந்தனர். அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கில் ஏற்படுத்திய விழிப்புணர்வின் பின்னணியில், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை 1960களில் அவர் மேடையேற்றினார். இரவு முழுவதும் நிகழ்ந்த ஆட்டம் ஒன்றிரண்டு மணித்தியாலமாகச் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. இம்மாற்றங்கள் மரபினைச் சிதைத்தன என்றோரும் இருந்தனர், காத்தன என்றோரும் இருந்தனர். நகர மண்டபங்களிற் கூத்து மதிப்புப் பெற்றமை மறுக்கமுடியாதது.

ஆயினும் இம்முயற்சி மாற்றியமைத்தது கூத்தின் கால அளவினையும் மேடையினையுமே. கதை எழுப்பும் வினாவினை அது மாற்றவில்லை. அப்பணி வேறோரிடத்திலிருந்து வந்தது.

5

1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொதுவிடங்களிற் சாதிப் பாகுபாட்டினைக் குற்றமாக்கியபோதும் குடாநாட்டின் பல கோயில்களும் தேநீர்க் கடைகளும் தாழ்த்தப்பட்டோருக்கு மூடியே கிடந்தன. 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி ஊர்வலத்தைத் தொடர்ந்து போராட்டம் கூர்மையடைந்தது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயில் போராட்டக்களமாயிற்று. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலிலும் ஆலயப் பிரவேசத்துக்கான போராட்டம் நிகழ்ந்தது.

இப்போராட்டத்தின் அடியாகவே என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' பிறந்தது. 'நிலவிலே பேசுவோம்' என்ற சிறுகதை வாயிலாகச் சாதியத்தின் நயவஞ்சகத்தை வெளிப்படுத்தியவர் அவர். உரைநடை நாடகமாக அமைந்த அவ்வாக்கத்தை நெல்லியடி அம்பலத்தாடிகள் காத்தான் கூத்துப் பாங்கில் உருமாற்றினர். அதில் இளைய பத்மநாதனின் பங்கு குறிப்பிடத்தக்கது. பின்னர் 1970களில் அ. தாசீசியஸின் நெறியாள்கையிலும் அது வேறொரு வடிவம் பெற்றது.

காத்தான் கூத்தின் மெட்டினை அம்பலத்தாடிகள் தேர்ந்தமை தற்செயலன்று. அம்மெட்டு சபையோரின் செவியில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது. அதனைக் கேட்டமாத்திரத்தே கழுமரம் அவர்களின் நினைவுக்கு வரும். பழைய கூத்தில், எல்லை மீறியவன் தண்டத்தை ஏற்றுப் பின்னர் தெய்வமாகின்றான். புதிய கூத்திலோ, உள்ளே இருப்பவனாகக் கருதப்படும் தெய்வமே வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் பக்கத்துக்கு வருகின்றது. ஏறவேண்டியது கழுமரமன்று, கோயிற் படியே என்றாயிற்று. மரபின் இசையைக்கொண்டே மரபின் தீர்ப்பு மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டது. மூலத்துக்கு உண்மையாயிருத்தல் என்பதன் பொருளை இதனைக் கருத்திற் கொண்டே நாம் வரையறுத்தல் வேண்டும்.

6

இவ்வினா எமது கூத்துக்கு மட்டும் உரியதன்று. இன்றைய இளந்தலைமுறையினர் வேடமேற்று ஆடும் கணினி விளையாட்டுக்களிலும் இதன் சாயலைக் காணலாம். ஜப்பானின் சுகுவேர் நிறுவனம் 1997இல் வெளியிட்ட 'ஃபைனல் ஃபான்டசி 7' அத்தகையதொன்று. ஜப்பானில் முதலில் வெளிவந்த வடிவத்துக்கும் பின்னர் அமெரிக்காவில் வெளிவந்த வடிவத்துக்கும் வேறுபாடுகள் உண்டு. அம்மாற்றங்களை உள்ளடக்கி அவ்வாண்டிலேயே ஜப்பானில் மற்றொரு வடிவம் வந்தது. அன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஏரிஸ்' என வழங்கிய பெண் பின்னைய வடிவங்களில் 'ஏரித்' ஆனாள். நம் பதிப்பாசிரியர் பாடபேதம் என்பது இதனையே. கதையின் நடுவில் அவள் கொல்லப்படுகின்றாள். அவளை மீட்கும் மறைவழி ஏதேனும் உண்டா என்று ஆடுவோர் பல்லாண்டுகள் தேடினர்.

2020இல் அக்கதையை அந்நிறுவனம் புதிதாக ஆக்கியபோது, பழைய வழியிலிருந்து நிகழ்ச்சிகள் விலகுந்தோறும் அவற்றைத் திருப்பிவிடும் ஆவியுருக்களையும் படைத்திருந்தது. ஆடுவோர் அவற்றையே எதிர்த்துப் போரிட நேர்கிறது. 2024இல் அடுத்த பகுதி வெளிவந்தபோது, 'இம்முறை அவள் பிழைப்பாளா?' என்பதே சுவைஞரின் முதன்மை வினாவாயிற்று. களரியைச் சூழ்ந்திருந்த எமது முன்னோரின் வினாவும் இத்தகையதே.

ஆனால் ஒரு வேறுபாடு அடிப்படையானது. அவ்விளையாட்டின் முடிவினை மாற்றும் உரிமை அதனை உடைமையாகக் கொண்ட நிறுவனத்திடமே உள்ளது. சுவைஞர் விரும்பலாம், விவாதிக்கலாம், காத்திருக்கலாம். காத்தான் கூத்துக்கோ அத்தகைய உடைமையாளர் எவருமிலர். சபையில் இருந்தவரே அடுத்த ஆண்டு காலில் சதங்கை கட்டலாம், பாட்டினை மாற்றலாம். நெல்லியடியில் நிகழ்ந்தது அதுவே. சுவைஞர் படைப்பாளராகும் இவ்வழியே நாட்டார் கலையின் சனநாயகப் பண்பாகும். சாதி அவ்வழியை அடைத்தபோதெல்லாம் கலையும் குறுகியது.

7

போர் இவ்வழியைப் பிறிதொரு வகையில் அடைத்தது. 1990இன் பின்னர் குடாநாடு மின்சாரமின்றி நீண்டகாலம் இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முற்றாக இடம்பெயர்ந்தனர். ஊர் கலைந்தால் களரியும் கலையும். அண்ணாவியார் ஓரிடத்திலும் பிற்பாட்டுக்காரர் வேறோரிடத்திலுமாயினர். புலம்பெயர்ந்தோர் தம் நினைவிலிருந்த காத்தானை அந்நிய நகர மண்டபங்களில் மீண்டும் ஆடினர். இன்று ஒலிப்பதிவுகளும் ஒளிப்பதிவுகளும் எங்கும் கிடைக்கின்றன.

இப்பதிவுகளை நாம் வரவேற்கின்றோம். எனினும் அவற்றிலுள்ள ஓர் இடரையும் சுட்டுதல் கடமை. ஓர் ஊரின் ஓரிரவு ஆட்டம் பதிவானதும் அதுவே 'சரியான' காத்தான் கூத்தாகக் கொள்ளப்படுகின்றது. பதிவைக் கேட்டுப் பயில்வோர் அதனின்று விலகுவதைப் பிழையெனக் கருதத் தொடங்குகின்றனர். மரபு தன் மாறும் ஆற்றலை இழப்பது இவ்வாறே.

ஆதலின் ஆய்வாளர் முன்னுள்ள பணி ஒரு செம்பதிப்பினை ஆக்குவதன்று. ஊர்தோறுமுள்ள கொப்பிகளைத் திரட்டி, அவற்றின் வேறுபாடுகளை வேறுபாடுகளாகவே பேணவேண்டும். ஒவ்வொரு வடிவத்தோடும் அது ஆடப்பட்ட இடம், காலம், ஆடியோர் ஆகியன பதியப்படல் வேண்டும். அக்களரியில் அமரவும் ஆடவும் யார் அனுமதிக்கப்படவில்லை என்பதும் பதியப்படல் வேண்டும். இந்த இறுதிக் குறிப்பு எந்தக் கொப்பியிலும் எழுதப்பட்டதில்லை. அதனை அறிந்த முதியோர் நம்மிடையே இன்னும் சிலர் உளர். அவர்களிடம் கேட்டு எழுதுவதை நாம் இனியும் தள்ளிப்போடுதல் ஆகாது.