மெய்நிகர் தனியார் பிணைய இணைப்பில் பொதியளவுச் சிக்கல்

மெய்நிகர் தனியார் பிணையம், அதாவது வி.பி.என், வழியாக வீட்டிலிருந்து அலுவலகக் கணினிகளுடன் இணையும்போது, இணைப்பு ஏற்பட்டுவிட்டதாகக் காட்டியும் பெரிய கோப்புகளும் பக்கங்களும் வந்து சேராமல் நின்றுபோகும் நிலை பொதியளவுச் சிக்கல் ஆகும். கடவுச்சொல் ஏற்கப்படும், சிறிய மின்னஞ்சல்கள் வரும், பெரிய கோப்பு இணைந்த மின்னஞ்சலைத் திறந்தால் திரை அப்படியே நிற்கும். அகலப்பட்டையின் வேகம் போதவில்லை என்று பயனர் கருதிக் கட்டணத் திட்டத்தை உயர்த்துவதும் உண்டு. உண்மையில் வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

காரணம்

பிணையத்தில் தரவு, பாக்கெட் எனப்படும் பொதிகளாகப் பிரிக்கப்பட்டே செல்கிறது. ஈத்தர்நெட்டில் ஒரு பொதியின் அளவு பொதுவாக 1500 பைட்டுகளைத் தாண்டலாகாது. இந்த உச்ச அளவு எம்.டி.யு எனப்படும். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் டி.எஸ்.எல் இணைப்புகள் பலவற்றிலும், சில ஒளியிழை இணைப்புகளிலும் பயன்படும் பி.பி.பி.ஓ.இ நெறிமுறை (ஆர்.எஃப்.சி 2516, 1999) இதில் 8 பைட்டுகளைத் தனக்கென எடுத்துக்கொள்வதால் 1492 பைட்டுகளே எஞ்சுகின்றன.

வி.பி.என் செய்வது, ஒரு பொதியை மறையாக்கம் செய்து இன்னொரு பொதிக்குள் வைப்பதாகும். வெளிப்பொதிக்கும் தலைப்பகுதி வேண்டும். எடுத்துக்காட்டாக, வயர்கார்டு என்னும் நெறிமுறை ஐ.பி.வி4 மேல் 60 பைட்டுகளையும் ஐ.பி.வி6 மேல் 80 பைட்டுகளையும் கூட்டுகிறது. ஆகவே அதில் வழக்கமாக வைக்கப்படும் எம்.டி.யு 1420 ஆகும். ஐ.பி.வி4 வழியில் இது 1480 ஆகி 1492க்குள் அடங்கும். அதே இணைப்பு ஐ.பி.வி6 வழியாகச் சென்றால் 1500 ஆகிவிடும், அடங்காது. எதையும் மாற்றாதபோதும் நேற்றுவரை வேலை செய்தது இன்று நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஐபிசெக்கில் கூடும் அளவு, பயன்படுத்தும் மறையாக்க முறையைப் பொறுத்து மாறும்.

கருந்துளை

பொதி பெரிதாக இருப்பது மட்டுமே சிக்கலன்று. அதற்குத் தீர்வு 1990இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஆர்.எஃப்.சி 1191 கூறும் முறையில், அனுப்பும் கணினி பொதியில் "துண்டாக்காதே" என்னும் குறியை இடும். வழியில் உள்ள ரவுட்டர், அதாவது திசைவி, அப்பொதியை அனுப்ப இயலாவிடில் அதைக் கைவிட்டு, தன்னால் ஏற்கக்கூடிய அளவை ஐ.சி.எம்.பி செய்தியாகத் திருப்பி அனுப்பும். அனுப்பிய கணினி அளவைக் குறைத்துக்கொள்ளும்.

இச்செய்தி வந்து சேராதபோதுதான் தொல்லை தொடங்குகிறது. பிங் கட்டளைக்கு விடை கொடுப்பதைத் தவிர்க்க எண்ணி, தீச்சுவரில் ஐ.சி.எம்.பி முழுவதையும் அடைத்துவிடும் பிணைய நிருவாகிகள் பலர். ஐ.பி.வி4இல் பிங் வேண்டுகோள் வகை 8. அளவு பற்றிய செய்தி வகை 3. முன்னதை அடைப்பதற்காகப் பின்னதையும் அடைக்கத் தேவையில்லை. அடைத்துவிட்டால், அனுப்பும் கணினி காரணம் அறியாமல் அதே அளவுப் பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். இது கருந்துளை எனப்படும். 2000ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி 2923 இதை விளக்குகிறது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாததால், அலுவலகம் இணையச் சேவை வழங்குநரையும் சேவை வழங்குநர் அலுவலகத்தையும் கைகாட்ட, பயனர் இடையில் நிற்க நேரிடும்.

கண்டறிதல்

முதலில் வி.பி.என்னைத் துண்டித்துவிட்டு, விடை தரும் ஏதேனும் ஓர் ஐ.பி.வி4 முகவரிக்குப் பிங் கட்டளையை "துண்டாக்காதே" தெரிவுடன் அனுப்ப வேண்டும். விண்டோசில் தரப்படும் அளவுடன் 28 பைட்டுகள் தலைப்பகுதியாகச் சேரும். 1472க்கு விடை வந்தால் வழியின் எம்.டி.யு 1500, 1464க்கு வந்து 1465க்கு வராவிடில் 1492. பின்னர் வி.பி.என்னில் இணைந்து அலுவலக வழங்கி ஒன்றுக்கு இதையே செய்ய வேண்டும். சிறிய அளவுக்கு விடை வருகிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது அவசியம்; பிங்குக்கு விடையே தராத வழங்கிகளும் உள்ளன. பெரிய அளவுக்குத் துண்டாக்க வேண்டும் என்ற செய்தி வந்தால் நல்லது. செய்தியின்றிக் காலம் கடந்தால் கருந்துளை என்று ஐயுறலாம்.

தீர்வு

வி.பி.என் இடைமுகத்தின் எம்.டி.யுவைச் சோதனையில் கிடைத்த அளவுக்குக் குறைப்பதே எளிய வழி. வி.பி.என்னுக்குள் ஐ.பி.வி6 பயன்படுமாயின் 1280க்குக் கீழே செல்லலாகாது.

திசைவியில் டி.சி.பி துண்டு அளவை, அதாவது எம்.எஸ்.எஸ்ஸை, கட்டுப்படுத்துவது மற்றொரு வழி. வீட்டுத் திசைவிகள் பல இதைத் தாமாகவே செய்கின்றன. எனினும் மறையாக்கம் செய்யப்பட்ட பொதியின் உள்ளே வீட்டுத் திசைவியால் பார்க்க இயலாது. ஆகவே இந்த அமைப்பை அலுவலக வி.பி.என் வழங்கியிலோ பயனர் கணினியிலோ செய்தால்தான் பயன் உண்டு. ஐ.சி.எம்.பி செய்தியை நம்பாமல் டி.சி.பி தானே அளவைக் கண்டறியும் முறையும் 2007இல் ஆர்.எஃப்.சி 4821 வழியாக வந்தது.

ஒத்த பிற சிக்கல்கள்

இணைப்பே ஏற்படாவிடில் அது பொதியளவுச் சிக்கலாக இருக்க வாய்ப்பு குறைவு. ஐபிசெக்குக்கு யு.டி.பி 500, 4500 ஆகிய துறைகள் திறந்திருக்க வேண்டும். எண் முகவரியில் இயங்கி, பெயரில் மட்டும் இயங்காவிடில் டி.என்.எஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். வீட்டிலும் அலுவலகத்திலும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளே இருந்தால், அலுவலக அச்சுப்பொறிக்கென அனுப்பிய பொதி வீட்டைவிட்டு வெளியேறாமலேயே போகலாம். வீட்டுத் திசைவியின் முகவரித் தொகுதியை 192.168.77 போன்ற அரிதான ஒன்றாக மாற்றினால் இது தீரும்.