பூனைக்காலி விதையும் மூளைக்குள் ஒரு கறுப்புத் திட்டும்

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தாத்தாவுக்குக் கை நடுங்கி, நடை சுருங்கினால் "வயசாயிருச்சு" என்று முடிச்சிடுவாங்க. ஆனால் எல்லா நடுக்கத்துக்கும் வயசு காரணம் இல்லை. பார்க்கின்சன் நோயாகவும் இருக்கலாம். அதன் மருந்துக் கதையில் மெட்ராசுக்கும் ஒரு பங்கு இருக்கு.

1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்து இந்த நோயை எழுதினார். மூளையில் எங்கே கோளாறு என்று அவருக்குத் தெரியாது. 1919இல் பாரிஸில் திரெத்தியாகொஃப், இறந்த நோயாளிகளின் நடுமூளையை ஆராய்ந்தார். அங்கே கறுப்பாக இருக்க வேண்டிய திட்டு வெளிறிக் கிடந்தது. அதன் செல்கள் அழிந்திருந்தன. அந்தச் செல்களுக்கு என்ன வேலை? அப்போது யாருக்கும் தெரியாது.

இந்த இடைவெளியில்தான் மெட்ராஸ் வருது. காயின் சுணை பட்டாலே உடம்பு அரிக்குமே, அந்தப் பூனைக்காலி. ஆயுர்வேதத்தில் பழைய மருந்து. 1937இல் தாமோதரன், ராமசாமி இருவரும் அதன் விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். 1913இலேயே சுவிட்சர்லாந்தில் குகன்ஹைம் வேறொரு அவரை இனத்தில் அதை எடுத்திருந்தார். மருந்து கையில் இருந்தது, எந்த நோய்க்கு என்றுதான் தெரியவில்லை.

1957இல் சுவீடனில் கார்ல்சன், முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். அது நம்ம பக்கத்துச் சர்ப்பகந்தி வேரில் இருக்கிற பொருள். முயல்கள் அசையாமல் கிடந்தன. எல்-டோபா ஏற்றியதும் எழும்பின. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகிவிச், நோயாளிகளின் மூளையில் டோபமின் மிகக் குறைவு என்று காட்டினார். அசைவைச் சீராக்க அந்தக் கறுப்புச் செல்கள் அனுப்புவது டோபமினைத்தான். நேராக டோபமினைக் கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. எல்-டோபா போகும், உள்ளே போய் டோபமினாக மாறும். 1961இல் ஊசியாகப் போட்டதும், படுத்தே கிடந்த சிலர் எழுந்து நடந்தார்கள்.

அழிந்த செல்களை இந்த மருந்து திருப்பித் தராது, குறையை மட்டும் நிரப்பும். அதுக்காக விதையை வறுத்துத் தின்னக் கூடாது. எவ்வளவு உள்ளே போகுதுன்னு நமக்குத் தெரியாது.

சும்மா இருக்கும்போதே ஒரு பக்கக் கை நடுங்குதா, எல்லாம் மெதுவாகுதா, கையெழுத்துச் சிறுக்குதா? வீட்டுப் பெரியவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். 1913இலிருந்து 1961 வரை, 48 வருஷம் அந்த மருந்து போத்தலில் காத்திருந்தது. அப்போது யாருக்கும் தெரியாது. இப்போது நமக்குத் தெரியும்.