காதுக்குள் வந்த குரல்

எசல பெரஹராவுக்காகக் கண்டி வீதியோரம் காத்திருப்போர் முதலில் கேட்பது வெடிச் சத்தத்தை. வெடி தீர்ந்தால் ஊர்வலம் புறப்பட்டுவிட்டது என்று பொருள். பின்னர் கசையடிப்போர் வருவர். தலதா மாளிகையின் பெரஹராவும் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பெரஹராக்களும் ஒன்றன்பின் ஒன்றாக நகரவேண்டும். முன்னே போகிறவனுக்குப் பின்னே வருபவனைத் தெரியாது. ஒலிதான் அவனுக்குக் கட்டளை. ஒலிபரப்புக் குழுவினர் தமக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்கொம்மின் கதையை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். பொறியியல் படித்தவர்கள் சிரிக்கலாம்.

கொழும்பில் வானொலி 1925 டிசம்பர் 16 இல் ஆரம்பமானது. 1944 இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். படையினருக்கான 'சீக்' வானொலியோ கொழும்பிலிருந்தே பேசியது. தலைமை மலையில், கலையகம் கடலோரத்தில். இடையே நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். கண்டியில் நடப்பதை நாடு கேட்பதற்குப் பின்னரும் பெரும்பாலும் கொழும்பையே நம்பவேண்டியிருந்தது.

வர்ணனையாளரின் குரல் கொழும்புக்குப் போனால் மட்டும் போதாது. "இன்னும் ஒரு நிமிடம்", "இப்போது நீங்கள்" என்று அங்கிருந்து ஒரு குரல் அவர் காதுக்குத் திரும்பி வரவேண்டும். நேயர் கேளாத குரல் அது. 1968 இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய கிளியர்-கொம் நிறுவனம், ராக் இசைக் கச்சேரிகளின் பேரிரைச்சலுக்குள்ளும் மேடைப் பணியாளர் பேசிக்கொள்ள வழிசெய்தது. சாதாரண ஒலிவாங்கிக் கம்பி ஒன்றே மின்சாரத்தையும் பேச்சையும் சுமந்தது. போகும் குரலும் வரும் குரலும் ஒரே பாதையில். ஒரு மண்டபத்துக்குள் இது அருமையான ஏற்பாடு. ஊர் தாண்டினால்தான் தொல்லை.

அந்தத் தொல்லையை நான் அனுபவித்திருக்கிறேன். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், புதிதாக ஆசிரியப் பணியில் சேர்ந்திருந்த காலம். மாத்தளை முத்துமாரியம்மன் மாசிமகத் தேர்த் திருவிழாவுக்கு நேர்முக வர்ணனை செய்ய என்னை அழைத்திருந்தார்கள். கம்பி இணைப்புக் கிடைக்காமல் கைத்தொலைபேசி வழியே கலையகத்தோடு தொடர்பு. தேர் அசைகிறது, "வடம் பிடிக்கிறார்கள்" என்கிறேன். அதே சொல் என் குரலிலேயே சற்றுப் பிந்திக் காதில் விழுகிறது. நாக்கு தடுமாறியது. ஹெட்போனைக் கழற்றினால் கலையகத்தின் கட்டளை கேளாது; கழற்றாவிட்டால் பேச முடியாது. பேசாமல் நின்றேன். கண்டியில், படுக்கையிலிருந்தபடி வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த என் பாட்டி, இரவு நான் வீடு திரும்பியதும் கேட்டது ஒன்றுதான்: "சத்தமே இல்லாமப் போச்சேப்பா, தேரு நின்னுருச்சா?"

தன் குரல் ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் பிந்தி வந்தால் பேசுபவன் மிகவும் தடுமாறுவான் என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தேன். போவதற்கும் வருவதற்கும் தனித்தனிப் பாதை வேண்டும். திரும்பி வரும் ஒலியில் அவரவர் குரலை மட்டும் கழித்துவிட்டு ஏனையதை அனுப்பவேண்டும்.

ஒளியிழை வந்ததும் தூரம் ஒரு பொருட்டல்லாமற் போயிற்று. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து கண்டிக்கு அரை மில்லிசெக்கன் கூடக் குறைய. தாமதம் உண்டாவது வேறிடத்தில். வலையமைப்பு குரலைச் சிறு பொட்டலங்களாகக் கட்டுகிறது. முன்பின்னாக வருபவற்றை நிறுத்திவைத்துச் சீராக்குகிறது. இணைய வழியில் இதற்கே பல பத்து மில்லிசெக்கன் போய்விடும். ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொன்றோடு பேசுவதற்கான பொது நியமமாகிய ஏ.இ.எஸ். 67 வெளிவந்ததும் 2013 இல்தான். இன்று பல நாடுகளில் கமரா மைதானத்தில் நிற்க, அதை நெறிப்படுத்துபவர் வேறு நகரத்தில் இருக்கிறார்.

இப்போதும் எங்காவது வர்ணனைக்கு அழைத்தால், வணக்கம் சொல்லி முடித்ததும் தொழில்நுட்பத் தம்பியிடம் நான் கேட்பது: "என் குரலைக் கழித்துத்தானே அனுப்புகிறீர்கள்?"