கௌபாய் ஜெய்சங்கரும் நம்ம ஊர்க் கணக்கும்

பழைய தமிழ்ப் படம் ஓடுகிற வீடுகளில் பிள்ளைகள் கேட்டுச் சிரிப்பார்கள்: "ஜெய்சங்கர் ஏன் தொப்பி போட்டுக்கொண்டு குதிரையில் வாறார்?" பதில் ஜப்பானில் தொடங்குகிறது, உறவுகளே.

1961இல் அகிரா குரோசவா 'யோஜிம்போ' எடுத்தார். இரண்டு கூட்டம் அடித்துக்கொள்ளும் ஊருக்குத் தனியாக வந்து சேரும் சாமுராயின் கதை. 1964இல் இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனே அதையே குதிரையும் துப்பாக்கியுமாக மாற்றி எடுத்தார். அனுமதி வாங்கவில்லை. ஜப்பான் தரப்பு வழக்குப் போட்டது. வருமானத்தில் 15 வீதம் கொடுத்துத்தான் சமாதானமானார்கள்.

கையில் காசு குறைவு. கதாநாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்குச் சம்பளம் 15,000 டொலர். அமெரிக்கப் பாலைவனத்துக்குப் பதில் ஸ்பெயினின் அல்மேரியாப் பொட்டல். அகலத்திரைக்கு 'டெக்னிஸ்கோப்' முறை. அதில் பாதிப் பிலிம் போதும். பெரிய செட் இல்லாத இடத்தில் கண்ணையும் கையையும் அருகில் காட்டியே பயமுறுத்தினார்கள். 'ஸ்பகெட்டி வெஸ்டர்ன்' என்று கேலியாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

சிக்கனமான இந்தப் பாணி தமிழுக்கும் வந்தது. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான எம்.கர்ணன் 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று இரண்டு படங்கள் தந்தார். சின்னத் தயாரிப்பாளர்களுக்குக் கைகொடுத்த ஜெய்சங்கர்தான் அவருடைய கதாநாயகன். 'கங்கா'வின் கதை எளிது: தகப்பனைக் கொன்றவர்களைத் தேடிப் பழிவாங்கும் மகன்.

அதே 1972இல் நம்முடைய தோட்டங்கள் எப்படி இருந்தன? 1948இன் சட்டத்தால் பிரஜாவுரிமை இல்லாமல் போன குடும்பங்கள் லயங்களில் இருந்தன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாகி, தலைமன்னாரில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அடுத்த இரண்டு வருடங்களில் தோட்டங்களில் பசியும் வந்தது.

இந்த அநியாயங்களுக்குக் கௌபாய் படத்தில் வருவது போல ஒரு வில்லன் முகம் கிடையாது. யாரைத் தேடிக் குதிரையில் போவது? அநியாயம் கடதாசியில், சட்டத்தின் வாசகத்தில் இருந்தது. அதைத் தீர்த்ததும் கடதாசிதான். தொழிற்சங்கம், விண்ணப்பம், பேச்சுவார்த்தை, திரும்பவும் விண்ணப்பம். 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 55 வருடம். எந்தப் படமும் அவ்வளவு நேரம் ஓடாது.

முகம் இல்லாத கோபத்துக்கு முகம் தேடினால், கிடைப்பது பக்கத்து வீட்டுக்காரன் முகம்தான். 1977இலும் 1981 ஆகஸ்டிலும் நம் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் அதைத்தான் பார்த்தோம். எங்கேயோ நடந்த ஒன்றுக்காக, எதிலும் சம்பந்தப்படாத கொழுந்து பறிக்கிற, பால் வெட்டுகிற குடும்பங்கள் அடிபட்டன, லயங்கள் எரிந்தன. அடித்தவர்களும் அதைப் பழிவாங்கல் என்றே நினைத்தார்கள்.

பழிவாங்கிய கதாநாயகன் கடைசிக் காட்சியில் குதிரை ஏறிப் போய்விடுவான். அவனுக்கு அந்த ஊரில் மறுநாள் இல்லை. நமக்கு உண்டு. நிவித்திகலையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் காலையில் ஒரே பஸ்ஸில்தான் டவுனுக்குப் போகவேண்டும். ஒரே கடையில்தான் பாண் வாங்கவேண்டும்.

படத்தை ரசியுங்கள். ஜெய்சங்கரின் குதிரைக்கு விசிலும் அடியுங்கள். பிள்ளைகளுக்கு அதோடு 1948, 1981, 2003 என்ற மூன்று வருடங்களையும் சொல்லிக்கொடுங்கள். பாடப்புத்தகத்தில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அந்தக் காலத்தில் தியேட்டருக்கு நடந்துபோய்க் கௌபாய் படம் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதைக் கீழே எழுதிப்போடுங்கள். கப்பல் ஏறிப்போன சொந்தங்களின் கதையையும் சேர்த்தே கேளுங்கள். அதுவும் நம் ஊரின் வரலாறுதான்.